பார்வையற்ற குழந்தைகளிடம் உளப்பகுப்பாய்வு என்ன செய்தது?

1942-ல் பாஸ்டனைச் சேர்ந்த கண் மருத்துவர் தியோடர் டெரி புதிதாக ஒரு நோயைப் பற்றி எழுதினார். குறைமாதத்தில் பிறந்த சில குழந்தைகளுக்கு, கண்ணின் லென்ஸுக்குப் பின்னால் வெளுத்த திசு ஒன்று படர்ந்திருந்தது. பிறக்கும்போது அது இல்லை. சில மாதங்களில் வந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகம் முழுக்கச் சுமார் 10,000 குழந்தைகள் இப்படிப் பார்வை இழந்தார்கள். கொடுமை என்னவென்றால், நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில்தான் இது அதிகம். இன்குபேட்டரில் உயிரைக் காப்பாற்றத் தாராளமாகத் திறந்துவிட்ட ஆக்ஸிஜன்தான் வளராத விழித்திரையைக் கெடுத்தது. 1951-ல் மெல்போர்ன் மருத்துவர் கேட் கேம்ப்பெல் அந்தச் சந்தேகத்தை எழுப்பினார். 1953-54-ல் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய சோதனை அதை உறுதி செய்தது. 1950-ல் மிச்சிகன் மாநிலத்தில் குறைமாதத்தில் பிறந்த ஸ்டீவி வொண்டரும் இந்த அலையில் பார்வை இழந்தவர்தான்.

உளப்பகுப்பாய்வைப் பற்றிய கட்டுரையை ஆக்ஸிஜனில் தொடங்கக் காரணம் இருக்கிறது. அதற்கு முன்பும் பிறவியிலேயே பார்வை இல்லாத குழந்தைகள் இருந்தார்கள். ஆனால் ஊருக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று சிதறி இருந்தார்கள். பள்ளி வயது வந்த பிறகுதான் விடுதிப் பள்ளிகளில் மற்றவர் கண்ணுக்குத் தெரிந்தார்கள். இப்போது ஒரே தலைமுறையில் ஆயிரக்கணக்கானோர். படித்த, விடாமல் கேள்வி கேட்கிற பெற்றோர்கள். குழந்தைக்கு இரண்டு மூன்று வயதாகியும் நடக்கவில்லை, திட உணவை மெல்லவில்லை, நாள் முழுக்க உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறது, சொன்னதையே திருப்பிச் சொல்கிறது. கண் டாக்டரிடம் பதில் இல்லை. குழந்தைகள் டாக்டர் ‘மூளை வளர்ச்சி’ என்று இழுத்தார். அப்புறம்தான் இந்தக் குழந்தைகள் மனநலக் கிளினிக்குகளின் வாசலுக்கு வந்தார்கள்.

அங்கே இருந்தவர்களும் தயாராக இல்லை. வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்டு தொடங்கிவைத்த உளப்பகுப்பாய்வு பேச்சையும் கேட்பதையும் நம்பிய மனநலச் சிகிச்சை. நோயாளி படுத்திருப்பார், மருத்துவர் அவர் கண்ணில் படாமல் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார். பார்வை இல்லாதவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு ஏது என்று தோன்றும். ஆனால் குழந்தை எப்படி மனிதனாகிறது என்று அந்தத் துறை சொன்ன கதைகளில் பாதி கண் சம்பந்தப்பட்டவை. ஃப்ராய்டின் பேரன் நூல்கண்டைத் தூக்கி எறிந்து மறையவைத்து, இழுத்து மீண்டும் வரவைத்து, தாய் போவதையும் வருவதையும் விளையாடித் தீர்த்த கதை 1920-ல் வந்தது. பிரெஞ்சுப் பகுப்பாய்வாளர் லக்கானின் குழந்தை கண்ணாடியில் தன்னைப் பார்த்து ‘நான்’ ஆகிறது. பிரிட்டிஷ் பகுப்பாய்வாளர் வின்னிகாட் 1967-ல் எழுதிய கட்டுரையில் தாயின் முகமே குழந்தையின் முதல் கண்ணாடி. வின்னிகாட் ஒரு விஷயத்தில் நேர்மையானவர். பார்வையுள்ள குழந்தைகளைப் பற்றி மட்டுமே பேசுகிறேன், பார்வையில்லாத குழந்தைகளை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன் என்று அந்தக் கட்டுரையிலேயே சொல்லிவிட்டார். மற்றவர்கள் அதைக்கூடச் சொல்லவில்லை.

இதற்கு மேல் இன்னொரு சுமையும் இருந்தது. கண்ணை இழப்பதை ஆண்மை இழப்பின் குறியீடாகப் படிக்கும் பழக்கம் ஃப்ராய்டு காலத்திலேயே வேரூன்றிவிட்டது; கிரேக்கக் கதையின் ஈடிபஸ் தன் கண்களைக் குத்திக்கொண்டவன் ஆயிற்றே. பார்வை உள்ளவனின் பயத்தை விளக்க இது உதவலாம். பிறந்ததிலிருந்தே பார்க்காத குழந்தை எதையும் இழக்கவில்லை. இழந்தது பெற்றோர்தான். இந்த வித்தியாசத்தை உணர அந்தத் துறைக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

முதலில் உணர்ந்த இடம் லண்டன். ஹாம்ஸ்டெட் பகுதியில், ஃப்ராய்டு கடைசி நாட்களைக் கழித்த அதே தெருவில், அவர் மகள் அன்னா ஃப்ராய்டு 1952-ல் குழந்தைகளுக்கான கிளினிக் ஒன்றைத் திறந்தார். அவருடைய வாழ்நாள் தோழி டோரதி பர்லிங்ஹாம். நியூயார்க்கின் புகழ்பெற்ற டிஃபனி குடும்பத்துப் பெண். தன் குழந்தைகளுக்குச் சிகிச்சை தேடி 1925-ல் வியன்னாவுக்கு வந்தவர், பிறகு தானே பகுப்பாய்வாளர் ஆனார். போர்க்காலத்தில் இருவரும் சேர்ந்து லண்டனில் குழந்தைக் காப்பகங்களை நடத்தினார்கள். அங்கே ஒரு வழக்கம் படிந்துவிட்டது. குழந்தை என்ன செய்கிறது என்பதை முதலில் அப்படியே எழுதி வைப்பது, விளக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்வது. ஹாம்ஸ்டெட் கிளினிக்கில் பார்வையற்ற குழந்தைகளுக்கென்று சின்னதாக ஒரு பாலர் வகுப்பு தொடங்கியபோது பர்லிங்ஹாம் இதையே செய்தார். சில குழந்தைகளுக்குத் தனியாகப் பகுப்பாய்வும் நடந்தது. ஆனால் புதிதாகத் தெரியவந்தவற்றில் பெரும்பகுதி வகுப்பறையில் கிடைத்தது.

அவர் கவனித்த ஒன்று எனக்கு எப்போதும் மறப்பதில்லை. பார்வையற்ற குழந்தை அசையாமல் உட்கார்ந்திருக்கும். முகத்தில் எந்தச் சலனமும் இருக்காது. பார்ப்பவர்கள் ‘மந்தமான குழந்தை’ என்றோ ‘எதிலும் ஆர்வமில்லை’ என்றோ எழுதிவிடுவார்கள். ஆனால் அந்தக் குழந்தை அப்போது உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அசைந்தால் சத்தம் வரும். சத்தம் வந்தால் கேட்க முடியாது. பார்வையுள்ள குழந்தை ஆர்வம் வந்தால் எட்டிப் பாயும். இந்தக் குழந்தை ஆர்வம் வந்தால் உறைந்துபோகும். வெளித் தோற்றம் நேர் எதிராக இருப்பதால் பெரியவர்கள் தப்பாகப் படிக்கிறார்கள்.

கோபத்தைப் பற்றி அவர் சொன்னதும் அப்படித்தான். இந்தக் குழந்தைகள் பலர் அதிசயிக்கத்தக்க அளவுக்குச் சமர்த்து. அடிக்க மாட்டார்கள், பிடிவாதம் பிடிக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் மெச்சிக்கொள்ளும். பர்லிங்ஹாமுக்கு அதில் கவலைதான் தெரிந்தது. எழுந்து போகவும் திரும்பி வரவும் பார்வை உள்ளவரின் கையை நம்பியிருக்கும் குழந்தைக்கு, அந்தக் கையைக் கடித்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு உரிய முரட்டுத்தனத்தை உள்ளே அழுத்தி வைத்திருப்பதால்தான் வெளியே சமர்த்து. அந்தக் கோபத்துக்குப் பாதுகாப்பான இடம் கொடுப்பது சிகிச்சையின் ஒரு பகுதியாயிற்று. வீட்டிலும் பள்ளியிலும் எல்லோரும் பாராட்டும் குழந்தை கிளினிக்கில் தகர டப்பாவைத் தரையில் போட்டு மிதிப்பதை முன்னேற்றம் என்று எழுதுவார்கள். பெற்றோருக்கு அதை விளக்குவது லேசான காரியமாக இருந்திருக்காது.

தாய்மார்களைப் பற்றியும் ஹாம்ஸ்டெட் குழு வெளிப்படையாகப் பேசியது. குழந்தைக்குப் பார்வை இல்லை என்று தெரியும் நாளில் தாய்க்கு விழுவது ஒரு சாவுச் செய்தி மாதிரி. அவள் துக்கத்தில் ஒடுங்கிப்போகிறாள். குழந்தையிடம் பேச்சு குறைகிறது, தூக்குவது குறைகிறது. சரியாக அதே மாதங்களில்தான் குழந்தைக்குப் பேச்சும் தொடுதலும் மற்ற எந்தக் குழந்தையையும்விட அதிகமாகத் தேவை. போதாததற்கு அந்தக் குழந்தை அவள் முகத்தைப் பார்க்காது. பார்க்காத குழந்தை தன்னை ஒதுக்குவதாக ஒரு தாய்க்குத் தோன்றுவது பகுத்தறிவுக்குப் பொருந்தாது, ஆனால் தோன்றும்.

இதே கேள்வியை அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் வேறொரு பெண் இன்னும் ஆழமாகத் தோண்டினார். செல்மா ஃப்ரைபெர்க் டெட்ராய்ட்டில் பிறந்தவர். சமூகப் பணியாளராகத் தொடங்கி உளப்பகுப்பாய்வு பயின்றவர். நியூ ஆர்லியன்ஸில் இருந்தபோது அவரிடம் ஒன்பது வயதை நெருங்கிய பார்வையற்ற சிறுவன் ஒருவன் வந்தான். டேவிட் ஃப்ரீட்மன் என்ற பகுப்பாய்வாளருடன் சேர்ந்து 1964-ல் எழுதிய ஆய்வில் அவனுக்குப் பீட்டர் என்று பெயர் வைத்திருந்தார்.

பீட்டரைப் பற்றிய குறிப்புகள் படிக்கவே சங்கடமானவை. எதைக் கொடுத்தாலும் வாய்க்குத்தான் போகும். கைகள் இருந்தன, ஆனால் அவை எதையும் தேடவில்லை, தடவிப் பார்க்கவில்லை. பிராண்டவும் பற்றிக்கொள்ளவும் மட்டும் பயன்பட்டன. கையிலிருந்து விழுந்த பொருளைத் தேட மாட்டான். அவனைப் பொறுத்தவரை அது இல்லாமல் போய்விட்டது. பேச்சு இருந்தது, ஆனால் எல்லாம் எதிரொலி. ‘நான்’ என்ற சொல் இல்லை. மூளைக் கோளாறு என்று முடித்திருக்கலாம். ஃப்ரைபெர்க் வேறு ஒரு கேள்வி கேட்டார்: பார்வையின்மை மட்டுமே காரணம் என்றால் எல்லாப் பார்வையற்ற குழந்தைகளும் இப்படி ஆக வேண்டும். ஆகவில்லையே. சிகாகோவிலிருந்து 1957-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, நல்ல சூழல் கிடைத்த பார்வையற்ற குழந்தைகள் நன்றாகவே வளர்கிறார்கள் என்று ஏற்கெனவே காட்டியிருந்தது. அப்படியானால் சில குழந்தைகள் எங்கோ ஒரு முனையில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த முனை எது? ஒன்பது வயதில் பார்த்தால் தெரியாது. கைக்குழந்தையாக இருக்கும்போதே பார்க்க வேண்டும்.

அதற்காக அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு, ஆன் ஆர்பர் நகருக்குப் போனார். முழுப் பார்வையின்மையோ வெறும் வெளிச்சத்தை மட்டும் உணரும் அளவு பார்வையோ உள்ள, வேறு குறை எதுவும் இல்லாத பத்துக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார். மாதம் இருமுறை வீட்டுக்கே போய்க் கவனித்தார்கள், படம் பிடித்தார்கள், குழந்தை வளர வளர ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்கள். கிளினிக் அறை இல்லை. கூடத்துத் தரை, சாப்பாட்டு மேசை, குளியல் தொட்டி. ஆராய்ச்சி மட்டுமாக இருக்கவும் முடியவில்லை. கண் முன்னே ஒரு குழந்தை தேங்கிப்போவதைப் பார்த்துக்கொண்டு குறிப்பெடுத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் முதல் நாளிலிருந்தே பெற்றோருக்கு உதவி செய்வதும் திட்டத்தில் சேர்ந்தது. முடிவுகள் 1977-ல் நூலாக வந்தன.

முதல் தடுமாற்றம் சிரிப்பில். பார்வையுள்ள குழந்தை இரண்டு மூன்று மாதத்தில் எந்த முகத்தைக் கண்டாலும் பூவாகச் சிரிக்கும். இந்தக் குழந்தைகளும் அம்மாவின் குரலுக்குச் சிரித்தார்கள், ஆனால் எப்போதும் இல்லை. அப்பா பத்துத் தடவை கூப்பிட்டால் ஒரு தடவை. தவறாமல் சிரிப்பை வரவைத்தது தூக்கிப் போட்டுப் பிடிப்பதும், கிச்சுக்கிச்சு மூட்டுவதும், மடியில் வைத்துக் குலுக்குவதும்தான். முன்பு இதைப் பார்த்தவர்கள் ‘முரட்டுத்தனமான விளையாட்டு’ என்று தாய்மாரைத் தடுத்திருப்பார்கள். ஃப்ரைபெர்க் குழு ‘நீங்களாகவே கண்டுபிடித்துவிட்டீர்கள்’ என்று சொன்னது.

இரண்டாவது விஷயம் அவர் தன்னிடமே கண்டுபிடித்தது. பார்வையற்ற குழந்தைகளிடம் வருகிறவர்கள், தேர்ந்த ஆய்வாளர்கள் உட்பட, அதிகம் பேசுவதில்லை. பார்வையுள்ள குழந்தை ஒன்றோடு இருக்கும்போது தான் பாட்டுக்கு மழலையில் கொஞ்சிக்கொண்டே இருப்பதை ஃப்ரைபெர்க் கவனித்தார். பார்வையற்ற குழந்தையிடம் அந்தப் பேச்சு வாயில் வரவில்லை. நாம் குழந்தையிடம் பேசுவதே அது திருப்பித் தரும் பார்வைக்காகத்தான். கூலி கிடைக்காத இடத்தில் நாக்கு வேலை செய்வதில்லை. தாய்க்கும் இதுதான் நடக்கிறது என்றால் அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

சரி, முகம் பேசாவிட்டால் வேறு எது பேசுகிறது? இங்கேதான் அந்த ஆய்வின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு. படச்சுருளைத் திரும்பத் திரும்ப ஓட்டியபோது, முகத்தை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் பார்த்தார்கள். குழந்தையிடமிருந்து ஒரு பொம்மையை எடுத்தால் முகம் கல்லாக இருக்கிறது. ஆனால் விரல்கள் வெறும் காற்றில் திறந்து மூடுகின்றன, மேசையைத் துழாவுகின்றன. அம்மா தூக்கும்போது முகத்தில் மாற்றமில்லை. விரல்கள் அவள் கன்னத்தில், மூக்கில், உதட்டில் ஊர்கின்றன. புதிய ஆள் தூக்கினால் அதே விரல்கள் அந்த முகத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிற்கின்றன; உடம்பு விறைக்கிறது, பிறகு அழுகை. அந்நியரைக் கண்டு மிரளும் பருவம் இந்தக் குழந்தைகளுக்கும் இருந்தது. அது முகத்தில் தொடங்காமல் விரலில் தொடங்கியது, அவ்வளவுதான். ஒரு தாயிடம் போய் ‘உங்கள் குழந்தைக்கு உங்கள் மேல் பாசம் இருக்கிறது’ என்று சொல்வதால் ஒன்றும் ஆகாது. ‘இதோ இந்த விரலைப் பாருங்கள், உங்களைத் தேடுகிறது’ என்று காட்டினால் அவளே மற்றதைப் பார்த்துக்கொள்வாள். ஆன் ஆர்பரின் சிகிச்சையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

கைகள் பேச வேண்டுமானால் முதலில் அவை ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். பார்வையுள்ள குழந்தை நாலைந்து மாதத்தில் தன் இரு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து விரல்களைப் பின்னி விளையாடும். கண் அந்தக் கைகளை அங்கே அழைத்துவருகிறது. பார்வையற்ற குழந்தையின் கைகள் தோள் பக்கத்திலேயே மடங்கிக் கிடக்கும். ஃப்ரைபெர்க் குழு பால் புட்டியை இரு கைகளாலும் பிடிக்கவைத்தது, கைதட்டும் விளையாட்டுகளைச் சொல்லிக்கொடுத்தது, முன்னால் விளிம்பு வைத்த சின்ன மேசையில் பொருட்களைப் பரப்பி, கை நீட்டினால் ஏதாவது அகப்படும் என்று குழந்தைக்கு நம்பிக்கை வரவைத்தது. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் ஒன்பதாம் மாதத்துக்கு ‘சப்பாணி கொட்டியருளே’ என்று ஒரு பருவமே ஒதுக்கியிருக்கிறார்கள். கைதட்டு என்று கெஞ்சுவதற்குப் பத்துப் பாட்டு. பார்வையற்ற குழந்தைக்குப் பொருந்தும் பருவம் அது. நிலவைக் காட்டிக் கூப்பிடும் அம்புலிப் பருவம்தான் உதவாது.

அடுத்த முடிச்சு ஒலி. கேட்கிறதே, ஒலியை நோக்கிக் கை நீட்டலாமே என்று எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. ஆறு மாதக் குழந்தை கையில் வைத்து விளையாடிக்கொண்டிருந்த மணியை வாங்கி, முகத்துக்கு எதிரே அடித்துக் காட்டினால், கவனித்துக் கேட்கும், கை நீட்டாது. கையில் இருந்த மணி வேறு, காற்றில் கேட்கும் சத்தம் வேறு. இரண்டும் ஒன்றே என்று அதற்கு யாரும் நிரூபிக்கவில்லை. கண்தான் அந்த நிரூபணத்தைப் பார்வையுள்ள குழந்தைக்கு நிமிஷத்துக்கு நூறு தடவை கொடுத்துக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் சத்தம் கேட்கும்போது விரல்கள் பற்றுவதுபோல அசையத் தொடங்கும். எட்டு ஒன்பது மாத வாக்கில், சில குழந்தைகளுக்கு இன்னும் தாமதமாக, கை ஒலியை நோக்கி நீளும். பார்வையுள்ள குழந்தை ஐந்து மாதத்தில் செய்வது.

இதிலிருந்துதான் தவழாத புதிர் அவிழ்ந்தது. இந்தக் குழந்தைகள் உட்காருவதில் பெரிதாகப் பின்தங்கவில்லை. கையையும் முழங்காலையும் ஊன்றி எழும்பும் நிலைக்கும் உரிய காலத்தில் வந்துவிட்டார்கள். அப்படியே நின்று முன்னும் பின்னும் ஆடினார்கள். வண்டி ஓடத் தயார், போக ஊர் இல்லை. எதிரே எதுவும் கூப்பிடாதபோது எதற்காகத் தவழ வேண்டும்? ஒலியை நோக்கிக் கை நீட்டக் கற்ற பிறகு, பிடித்த பொம்மையைச் சத்தம் வரும்படி கொஞ்சம் தள்ளி வைத்தால் குழந்தை நகர்ந்தது. பெரும்பாலும் முதல் பிறந்தநாளுக்குப் பிறகுதான். ஆனால் நகர்ந்தது. பீட்டர் போன்ற குழந்தைகள் மாட்டிக்கொண்ட முனை இந்தப் பகுதியில் எங்கோ இருக்கிறது என்பது ஃப்ரைபெர்க்கின் முடிவு: கைகளுக்கு வேலை கிடைக்கவில்லை, வெளி உலகம் திடப்படவில்லை, எனவே ‘நான்’ என்பதற்கும் எல்லை கிடைக்கவில்லை.

இவ்வளவும் கைக்குழந்தைப் பருவத்துக்கான முன்காப்பு. நான்கு, ஐந்து, ஏழு வயதில் வரும் குழந்தைக்கு என்ன? அறைக்குள் நடக்கும் சிகிச்சையைப் பற்றி லண்டனிலிருந்து எழுதியவர்களில் டோரிஸ் வில்ஸ் முக்கியமானவர். வழக்கமான விளையாட்டுச் சிகிச்சை அறையில் குட்டிக் குட்டி மனிதர்கள், மாடு, வீடு, கார் இருக்கும். குழந்தை அவற்றை வைத்துத் தன் வீட்டுக் கதையை நடத்தும். பார்வையற்ற குழந்தைக்கு இவை வெறும் பிளாஸ்டிக் துண்டுகள். விரலளவு மாடு, தொட்டால் மாடு போலவே இராது. பார்வைக்கு மட்டும்தான் அது மாடு. ஆகவே அறையில் உண்மையான பொருட்கள் வேண்டும்: சாவி, தண்ணீர் வரும் குழாய், மூடி போட்ட டப்பாக்கள், தாழ்ப்பாள். கதவைத் திறந்து திறந்து மூடும் குழந்தையைப் ‘பழக்கதோஷம்’ என்று நிறுத்திவிடுவது எளிது. யார் வந்தார், யார் போனார் என்பதைக் கதவுச் சத்தத்தில் மட்டுமே தெரிந்துகொள்ளும் ஒரு குழந்தைக்கு ஃப்ராய்டின் பேரனுடைய நூல்கண்டு அந்தக் கதவுதான்.

பிறகு மௌனம். பெரியவர்களுக்கான பகுப்பாய்வில் மருத்துவர் பேசாதிருப்பது ஒரு கருவி. பார்வையற்ற குழந்தையோடு இருக்கும் அறையில் பேசாதவர் அறையில் இல்லாதவர். சற்று நேரம் வாய் மூடினால் குழந்தை ‘போயிட்டீங்களா?’ என்று கேட்கும், அல்லது கேட்காமல் உள்ளே சுருங்கும். ஆகவே தெரபிஸ்ட் நாற்காலியை நகர்த்தினால் நகர்த்துவதாகச் சொல்ல வேண்டும். குறிப்பெடுத்தால் பென்சில் சத்தம் எதற்கென்று சொல்ல வேண்டும். அவசியமில்லாமல் தொண தொணவென்று பேசினாலும் தப்பு, குழந்தை கேட்டுக்கொண்டிருப்பதைக் கலைத்துவிடும். இந்த அளவைப் பிடிப்பது பயிற்சியில்தான் வரும்.

‘நான் பண்றது உங்களுக்குத் தெரியுதா?’ என்ற கேள்வி ஏதாவது ஒரு கட்டத்தில் வந்தே தீரும். பார்வை உள்ளவர்களிடம் ஏதோ மாய சக்தி இருக்கிறது, தூரத்திலிருந்தே தன்னைத் தெரிந்துகொள்கிறார்கள் என்று குழந்தைக்குப் புரிந்துவிட்டது. சுவர் தாண்டித் தெரியுமா, இருட்டில் தெரியுமா, மனதுக்குள் நினைப்பது தெரியுமா என்பது மட்டும் புரியவில்லை. வீட்டில் இதைக் கேட்டால் அம்மா அழுதுவிடுவாள் என்று பல குழந்தைகளுக்குத் தெரியும், ஆகவே கேட்பதில்லை. தனக்குப் பார்வை இல்லை என்பதைக் குழந்தை தன் வாயால் பேசுவதற்கு ஓர் இடம் இருப்பதே இந்தச் சிகிச்சையின் பெரும் பயன் என்பது என் கணிப்பு. தெரபிஸ்ட் சமாளிக்க வேண்டியது தன்னுடைய இரக்கத்தை. குழந்தை தேடிக்கொண்டிருக்கும் பொருளை எடுத்துக் கையில் கொடுத்துவிட மனம் துடிக்கும். கொடுத்துவிட்டால் அந்தத் தேடல் செத்தது.

பேச்சுக்கு வருவோம். பால் வேண்டும் என்றால் குழந்தை ‘உனக்குப் பால் வேணுமா?’ என்று சொல்லும். பெரியவர்கள் பால் தருவதற்கு முன் சொல்லும் வாக்கியம் அது. பால் என்ற அனுபவத்தோடு ஒட்டிக்கொண்டு முழுசாக வருகிறது. ஃப்ரைபெர்க் கவனித்த கேத்தி என்ற சிறுமி புத்திசாலி, நன்றாகப் பேசுவாள். மூன்று வயதில் ‘நான்’, ‘நீ’ இரண்டும் அவளுக்கு இடம் மாறின. பொம்மையைத் தானாகப் பாவித்து விளையாடவும் வரவில்லை. ஐந்து வயதை நெருங்கும்போதுதான் இரண்டும் சேர்ந்தே சரியாயின. தன்னை வெளியிலிருந்து பார்க்கும் ஒரு கோணம் இருந்தால்தான் இரண்டுமே வரும் என்று அவர் முடித்தார்.

இங்கேதான் எதிர்ப்பும் கிளம்பியது, அதில் நியாயம் இருக்கிறது. உளவியல் ஆய்வாளர்கள் பார்பரா லண்டாவ், லைலா கிளைட்மன் இருவரும் பென்சில்வேனியாவில் செய்து 1985-ல் வெளியிட்ட ஆய்வில் கெல்லி என்ற பார்வையற்ற சிறுமி வருகிறாள். ‘மேலே பார்’ என்றதும் அவள் தலையைத் தூக்கவில்லை. கைகளை மேலே தூக்கினாள். கண்ணைக் கட்டிய பார்வையுள்ள குழந்தைகள் தலையைத் தூக்கினார்கள். கெல்லிக்குப் ‘பார்’ என்பது பொருளற்ற கிளிப்பேச்சு இல்லை. கையால் ஆராய்வது என்று தெளிவான பொருள் அதற்கு இருந்தது. சும்மா தொடுவதற்கும் ஆராய்வதற்கும் வேறுபாடு தெரிந்திருந்தது. அம்மா ‘பார்ப்பது’ வேறு மாதிரி, தூரத்திலிருந்தும் முடியும், நடுவில் எதுவும் மறைக்கக் கூடாது என்பதும் தெரிந்திருந்தது. பார்வையற்ற குழந்தைகளின் சொற்கள் அனுபவமில்லாத வெறும் சொற்கள் என்று 1930-களிலிருந்து சொல்லிவந்ததை இது ஆட்டிவைத்தது. எதிரொலிப் பேச்சும் உரையாடலில் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொள்ளக் குழந்தை கையாளும் வழிதான் என்று பின்னால் வந்த மொழி ஆய்வாளர்கள் வாதிட்டார்கள்.

ஃப்ரைபெர்க்கின் ஆய்வில் அடிப்படையான குறை ஒன்றும் உண்டு. பத்துக் குழந்தைகள், அத்தனை பேருக்கும் உதவி கிடைத்தது, உதவி கிடைக்காத ஒப்பீட்டுக் குழு இல்லை. மனசாட்சி உள்ளவர் வேறு எப்படிச் செய்திருக்க முடியும் என்பது வேறு விஷயம். அளவுகோல் முழுக்கப் பார்வையுள்ள குழந்தையின் அட்டவணை என்பது அதைவிடப் பெரிய குறை. ஐந்து மாதத்தில் செய்ய வேண்டியதை ஒன்பதில் செய்தால் ‘தாமதம்’. வேறொரு வழியில் போகிற குழந்தைக்கு அந்த வழியில் ஒன்பது மாதம் உரிய காலமாகவே இருக்கலாம். பார்வையில்லாமல் வளர்ந்த பெரியவர்களை யாரும் உட்காரவைத்து ‘நீங்கள் சொல்லுங்கள்’ என்று கேட்கவில்லை என்பதும் இந்த இலக்கியத்தைப் படிக்கும்போது உறுத்துகிறது.

ஆனாலும் ஃப்ரைபெர்க் காட்டிய திசை தப்பில்லை என்பதற்குச் சான்று வேறு பக்கத்திலிருந்து வந்தது. லண்டனில் பீட்டர் ஹாப்சன், அவரும் உளப்பகுப்பாய்வு பயின்றவர், 1990-களில் பிறவிப் பார்வையின்மை உள்ள குழந்தைகளைச் சக ஆய்வாளர்களோடு ஆராய்ந்தார். கணிசமானவர்களிடம் ஆட்டிசத்தை ஒத்த கூறுகள் இருந்தன. சில ஆண்டுகள் கழித்து, ஆட்டிசம் என்று கணிக்கப்பட்ட குழந்தைகளையே மறுபடி பார்த்தபோது பெரும்பாலோர் அந்த வரையறைக்குள் வரவில்லை. பார்வையுள்ள ஆட்டிசக் குழந்தைகளிடம் இப்படி மாறுவது அரிது. வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே வந்த பாதை வேறு என்பதைத்தான் இது காட்டுகிறது. பிறரோடு பகிர்ந்துகொள்ளும் உலகத்துக்குப் பார்வை ஒரு குறுக்குவழி. அது இல்லாதவர்கள் சுற்றிக்கொண்டாவது வந்து சேர்கிறார்கள். எல்லோரும் வந்து சேர்வதில்லை. இரண்டாம் வயதில், அதுவரை நன்றாக வளர்ந்த சில குழந்தைகள் திடீரெனப் பின்வாங்குவதும் ஆவணமாகியிருக்கிறது. மூளையின் பங்கு, தனிமையின் பங்கு என்று பிரித்துச் சொல்வது இன்றும் சண்டைக்குரிய விஷயம்தான்.

டெரி விவரித்த அந்த நோய் தீர்ந்துபோகவில்லை. அது இப்போது நம் பக்கம் வந்திருக்கிறது. இந்தியாவின் சிறு நகரங்களிலும் குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வந்துவிட்டன. ஆக்ஸிஜனைச் சரியாக அளந்து கொடுக்கும் வசதி எல்லா இடத்திலும் அதே வேகத்தில் வரவில்லை. 2 கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது இங்கே உள்ள வழிகாட்டுதல். அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற கண் மருத்துவமனைகள் இதில் நிறையச் செய்துவருகின்றன. உரிய நேரத்தில் லேசர் சிகிச்சை கிடைத்தால் பல குழந்தைகளின் பார்வை தப்புகிறது. தப்பாத குழந்தையின் தாய் ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்ற வார்த்தையோடு பஸ் ஏறுகிறாள். அவளிடம் குழந்தையின் கையைப் பிடித்துக் காட்டி, ‘தொடும் முன் பேசுங்கள், இரண்டு கையையும் சேர்த்துத் தட்டவையுங்கள், விரல்களைக் கவனியுங்கள்’ என்று சொல்ல மனோதத்துவப் பட்டம் தேவையில்லை. கண் மருத்துவமனையில் இருக்கும் ஒரு செவிலியருக்கு இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம். அந்தப் பேச்சு நடக்க வேண்டியது குழந்தைக்கு மூன்று நான்கு மாதம் இருக்கும்போது. மூன்று வயதில் ‘பேச்சு வரவில்லை’ என்று திரும்பி வரும்போது இல்லை.